நேபாளத்திற்குத் திறந்த கதவு ஈழத்திற்கு அடைப்பதோ?

சிவகாசியின் தீப்பெட்டியும் வெடியும் வடபுலம் வரை செல்கின்றன. மாநில எல்லைகளில் சரக்குந்துகளை மறித்து நின்ற வணிகவரிச் சாவடிகளும் 2017 சூலை முதல் நாளோடு மூடப்பட்டன. பொருளுக்கு வழி திறந்தாயிற்று. அதே விருதுநகர் மாவட்டத்தில் வாழும் மாந்தர்க்கு வழி திறந்துள்ளதா?

ஆனைக்குட்டம், செவலூர், குல்லூர்சந்தை ஆகிய ஊர்களில் ஈழத்தமிழர் குடியிருப்புகள் உள்ளன. 1983 சூலைப் படுகொலைகளுக்குப் பின் கடல் கடந்து வந்தோரும், அவர்தம் மக்களும், பெயரரும் அங்கு வாழ்கின்றனர். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021இல் தமிழ்நாட்டு அரசு 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. பெயர் மாறியது, நிலை மாறவில்லை. அங்குள்ளோரிற் பெரும்பாலோர்க்கு இன்றும் வாக்கு இல்லை, கடவுச்சீட்டும் இல்லை.

சிவகாசி, நாட்காட்டி அச்சிடும் ஊர். அந்நாட்காட்டியின் ஒரு தாளே இம்மக்களின் வாழ்வை வெட்டி நிற்கின்றது. 1987 சூலை 1ஆம் நாளுக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தவர்க்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உடையவராதல் வேண்டும். ஆகவே, ஒரே குடியிருப்பில், ஒரு தாய் வயிற்றில், 1986இற் பிறந்த அக்கை குடிமகள். 1988இற் பிறந்த தம்பி அயலான்! இது நயன்மையா?

2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் கண்டது, ஈழத்தைக் காணவில்லை. 2015 சனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட ஈழத்தமிழரைத் தண்டனைப் பிரிவுகளினின்று 2025 செப்டம்பரில் தில்லி விலக்கியது. தண்டிக்காமல் விடுவது வேறு. உரிமை தருவது வேறு.

இக்கடல் என்றும் மதிலாய் இருந்ததன்று. 1914 முதல் சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில், தனுக்கோடி வரை தொடர்வண்டியிலும் அப்பாற் கப்பலிலும் பின் மீண்டும் தொடர்வண்டியிலும் கொழும்பு சென்றனர் தமிழர். 1964 திசம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்தது. அதற்குச் சற்று முன்னரே, அக்டோபர் 30இல், சாத்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மலையகத் தமிழரை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. அவர்களுள் பலருடைய முன்னோர் தமிழ்நாட்டு ஊர்களினின்று தேயிலைத் தோட்டங்கட்குச் சென்றவர்களே.

'நாட்டுக்கு எல்லை வேண்டாவா? காவல் வேண்டாவா?' என்பார் உளர். வேண்டும். நேபாள எல்லையிலும் இந்தியக் காவற்படை நிற்கின்றது. ஆயினும் 1950ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 7ஆம் பிரிவால், நேபாளத்தார் கடவுச்சீட்டின்றி வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம். இந்தியரும் அங்ஙனமே செல்லலாம். காவல் வேறு, தடை வேறு என்பதைத் தில்லி அங்கு நன்கறிந்துள்ளது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்க் கடலுக்கு அப்பாலுள்ள தமிழர்க்கு மட்டும் அவ்வறிவு ஏன் மறைந்தது?

வேண்டுவன மூன்றே. இம்மண்ணிற் பிறந்தோர்க்கு, பிறந்த நாளைப் பாராது, குடியுரிமை. ஈழம் திரும்ப விழைவோர்க்கு, உற்றாரைக் காண மீண்டும் வந்து செல்லும் உரிமை. பாக்கு நீரிணையின் இருகரைத் தமிழர்க்கும் எளிய நுழைவுச் சீட்டு. இவை இரக்கத்தால் இடும் பிச்சையல்ல. நேபாளத்தார்க்குத் தந்த உரிமையின் ஒரு கூறே.

தமிழ்நாடு என்னும் பெயருக்காக விருதுநகரில் 76 நாள் உண்ணாநோன்பிருந்து, 1956இல் உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். அவர் நோன்பிருந்த மண்ணிலேயே தமிழர் அயலாராய் எண்ணப்படுவதைத் தமிழ்நாடு இன்னும் எத்தனை நாட்காட்டி கிழியும் வரை பார்த்திருக்கும்?