சிடி ரிப்பரும் வாயைத் திறக்காத பக்கும்

பொட்டி தட்டுறவன்ங்கிற முறையில சொல்றேன் மக்களே, பக்குகள்லயே மோசமானது வாயைத் திறக்காத பக்தான். டேட்டா சிடியில இருக்கிற கூடுதல் பிழைதிருத்தம் ஆடியோ சிடியில கிடையாது. கீறல் விழுந்த இடத்தை டிரைவ் குத்துமதிப்பா நிரப்பிட்டுப் போயிடும். சில ரிப்பர்கள் அதையும் 'வெற்றி'ன்னு காட்டும். திரும்பத் திரும்பப் படிச்சு, அக்யுரேட்ரிப்ல அடுத்தவங்க செக்சம்மோட ஒப்பிட்டு, சந்தேகம்னா சொல்லிடற எக்ஸாக்ட் ஆடியோ காப்பி எவ்வளவோ தேவலை.

அப்டேட்ங்கிற பேர்ல புதுச் சட்டை மாட்டி விடறது யாருக்கு வேணும்? 2020-ல ஃப்ரீடிபி மூடினதும், முகவரி மாத்தாத ரிப்பர்ல பாட்டுப் பேரே வரலை, வெறும் 'டிராக் 01'தான். அதைச் சரி பண்றதுதான் சாமி அப்டேட்!

ஓட்டையா ரிப் பண்ணிட்டு சிடியைக் காயலான் கடையில போட்டுட்டா, அப்புறம் அந்தப் பாட்டுக்கு எங்க போறது?