நீராவி இஸ்திரிப் பெட்டி: வாங்கும் முன்னும், வாங்கிய பின்னும்

நவராத்திரி நெருங்குகிறது. பீரோவில் மாதக்கணக்கில் மடித்து வைத்திருந்த பட்டுப் புடவைகளும் ஜரிகை வேட்டிகளும் வெளியே வரும் காலம் இது. தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரிடம் மூட்டையைக் கொடுத்து மாலையில் வாங்கிக்கொள்வது நம் வழக்கம். இன்று பல குடியிருப்புகளில் அந்த வசதி இல்லை. இருக்கும் இடங்களிலும் மாடிப்படி ஏறி இறங்க முழங்கால்கள் சம்மதிப்பதில்லை. ஆகவே, ‘நீராவி இஸ்திரிப் பெட்டி வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது?’ என்று என் வயதொத்த நண்பர்கள் கேட்கிறார்கள். வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலித்ததுபோல் இதையும் சற்று நிதானமாகப் பரிசீலிப்போம்.

முதலில், அது எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கரி நெருப்பை உள்ளே இட்டு மூடியதால்தான் அதற்குப் ‘பெட்டி’ என்று பெயர். மின்சாரத்துக்கு மாறிய பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பழைய பெட்டியில் பாதி வேலையைச் செய்தது அதன் கனம். துணியில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, பிறகு அழுத்தித் தேய்ப்பார்கள். பருத்தி இழை ஈரமும் சூடும் ஒருசேரப் படும்போது இளகும். நேராக்கிய நிலையில் ஈரம் வற்றினால் அப்படியே நிற்கும். நீராவிப் பெட்டி அந்த ஈரத்தைத் தானே தருகிறது. எனவே கனமும் கை பலமும் தேவையில்லை. முதியோருக்கு இதனால் கிடைக்கும் உண்மையான பயன் இதுவே.

இதிலிருந்தே முதல் விதி பிறக்கிறது: கனமான பெட்டியை வாங்காதீர்கள். கடையில் தூக்கிப் பார்க்கும்போது பெட்டி காலியாக இருக்கும். 300 மில்லி கொள்ளும் தொட்டி நிறைந்தால் 300 கிராம் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கைப்பிடியைப் பிடித்து மேசைமீது இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். மூட்டு வலி உள்ள விரல்களுக்கு நீராவிப் பொத்தான் எளிதாக அழுந்துகிறதா, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகின் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, ஒயர் இரண்டு மீட்டராவது இருக்கிறதா என்று கவனியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் கீழே உரிம எண்ணும் அவசியம் இருக்க வேண்டும்.

இனி மின்சாரக் கணக்கு. நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 6 ஆம்பியர் பிளக்கின் முழுத் தாங்குதிறன் 6 × 230, அதாவது 1,380 வாட். 2,000 வாட் பெட்டிக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வேண்டும். அது 16 ஆம்பியர் பிளக்கில்தான் சொருகப்பட வேண்டும். நம் தேவைக்கு 1,200 முதல் 1,400 வாட் வரை போதும். அதில் 1,400 வாட் பெட்டியாயின், அதையும் 16 ஆம்பியர் பிளக்கிலேயே போடுவது உத்தமம். அது அரை மணி நேரம் தொடர்ந்து எரிந்தாலும் செலவு 0.7 யூனிட்தான். சூடு ஏறியதும் தானே அணைந்து அணைந்து எரிவதால் உண்மைச் செலவு இன்னும் குறையும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மட்டும் இணைக்கவே கூடாது.

சில நூறு ரூபாய் கூடுதலானாலும் கேட்டு வாங்க வேண்டிய வசதி ஒன்று உண்டு: தானே அணையும் அமைப்பு. பல பெட்டிகளில், படுத்த நிலையில் அசையாமல் இருந்தால் அரை நிமிடத்திலும், நிமிர்த்தி வைத்திருந்தால் ஏறத்தாழ எட்டு நிமிடத்திலும் மின்சாரம் நின்றுவிடும். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, இருவராகவோ தனியாகவோ வாழும் வீடுகள் இன்று பெருகிவிட்டன. துணி தேய்க்கும்போது வாசல் மணி அடிக்கும், தொலைபேசி வரும். போனவர் திரும்பி வர மறப்பது நம் வயதில் இயல்பு. தொட்டியின் அளவிலும் வண்ணத்திலும் சிக்கனம் பார்க்கலாம். இதில் பார்க்க வேண்டாம்.

வாங்கிய பின் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பு உப்புகள் சூட்டில் படிந்து, நீராவித் துளைகளை அடைத்துவிடும். பிறகு வெள்ளை வேட்டியில் பழுப்புத் துளிகள் விழும். வீட்டில் சுத்திகரித்த குடிநீர் நல்லது. சுத்திகரிப்பான் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க வேண்டாமே என்று இதில் ஊற்றிவிடாதீர்கள். உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது. மணத்துக்காகப் பன்னீர் ஊற்றுவதும் கூடாது. தேய்த்து முடிந்ததும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீதி நீரைக் கொட்டிவிட்டு நிமிர்த்தி வையுங்கள். தானே சுத்தம் செய்துகொள்ளும் பொத்தான் இருந்தால், அதற்குரிய கையேட்டின்படி மாதம் ஒருமுறை பயன்படுத்துங்கள்.

திருகில் உள்ள புள்ளிகளின் பொருள் எளிது. ஒரு புள்ளி ஏறத்தாழ 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. தண்ணீர் ஆவியாவது 100 டிகிரியில். ஆகவே ஒரு புள்ளிச் சூட்டில் நீராவியைத் திறந்தால், நீர் முழுவதும் ஆவியாகாமல் சொட்டும். பட்டுக்குப் பெரும் பகை இந்தச் சொட்டுதான். உலர்ந்ததும் வட்டமாகக் கறை நிற்கும். எனவே பட்டுப் புடவைக்கு நீராவியை மூடிவிட்டு, உட்புறத்தைத் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் தேயுங்கள். ஜரிகைமேல் பெட்டி நேராகப் படலாகாது. பருத்தி வேட்டி, சட்டை, கைத்தறிப் புடவை ஆகியவற்றுக்கே நீராவி முழுப் பலன் தரும். வீட்டில் பெரும்பாலும் பட்டும் பாலியெஸ்டரும்தான் என்றால், இலேசான சாதாரண மின்பெட்டியே போதும். வீண் செலவு வேண்டாம்.

கோயிலுக்கு உடுத்திய துணிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவற்றில் குங்குமம், சந்தனம், விளக்கு எண்ணெய், பிரசாத நெய் ஆகியவை படிந்திருக்கும். கறையின்மேல் சூடு பட்டால் அது இழையில் இறுகி, பின்பு எத்தனை துவைத்தாலும் எளிதில் போகாது. வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, கறையை நீக்கிய பிறகே தேய்க்க வேண்டும்.

தேய்க்கும் இடம், கனமான துணி விரித்த உறுதியான மேசையாக இருக்கட்டும், மெத்தை வேண்டாம். குறைந்த சூட்டுத் துணிகளை முதலிலும் பருத்தியை இறுதியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி விரைவில் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். கட்டியிருக்கும் புடவையின் கொசுவத்தையோ, போட்டிருக்கும் சட்டையையோ நீராவியால் நீவுவது பேராபத்து. தப்பித் தவறிச் சூடு பட்டுவிட்டால், வளையல், மோதிரத்தைக் கழற்றி, அந்த இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மையும் பற்பசையும் மாவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதானாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, மருத்துவரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது.

இன்னும் ஒன்று. உங்கள் தெருவில் இஸ்திரிக்காரர் இருந்தால், பெட்டி வாங்கிவிட்டோம் என்று அவரை அடியோடு விட்டுவிடாதீர்கள். எட்டு முழ வேட்டியையும், கஞ்சி போட்ட புடவையையும் அவர் கைப்பக்குவத்தில் தேய்க்க நம்மால் ஆகாது. அன்றாடத் துணி நம் வீட்டில், விசேஷத் துணி அவரிடம் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நலம்.

ஆயுத பூஜை அன்று மற்றக் கருவிகளோடு இஸ்திரிப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் இடுவோம். பொட்டைக் கைப்பிடிக்கு அருகில் மேற்புறத்தில் வையுங்கள். அடித்தட்டில் வைத்தால், மறுநாள் முதல் வெள்ளைச் சட்டைக்கும் அந்தப் பொட்டு வந்துவிடும்.