நரியும் இல்ல, முயலும் இல்ல... எல்லாமே நூல்தான் பாஸ்! - ‘ஃபர்’ ஸ்வெட்டர் மோகமும் நம்ம திருப்பூரும்

மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊர் மதுரை. கொடைக்கானல் ட்ரிப்பையும் ஏசி பஸ்ஸையும் விட்டால் இங்கே ஸ்வெட்டருக்கு வேலையே கிடையாது. ஆனாலும், நம்ம இன்ஸ்டா ஃபீடில் புசுபுசுவென முடி முளைத்த ஸ்வெட்டர்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. பார்க்க நரித்தோல் மாதிரி இருக்கும். லேபிளைத் திருப்பினால் பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக்!

இது எங்கிருந்து வந்தது? நிஜ ஃபரை பெரிய பிராண்டுகளே ஒவ்வொன்றாகக் கைகழுவின. 2017-ல் குச்சி, 2019-ல் பிராடா. இந்தியாவும் 2017 ஜனவரியில் மிங்க், நரி, சின்சில்லா தோல்களை இறக்குமதி செய்யத் தடை போட்டது. தோல் போனாலும் அந்த ‘லுக்’ மேல் இருந்த ஆசை போகவில்லை. 2023-ல் பாரிஸில் ஷியாபரெல்லி நிறுவனம் சிங்கத்தலை, ஓநாய்த்தலை வைத்த உடைகளை மேடையேற்றியபோது, ‘அது நிஜமா?’ என்று இணையமே சண்டை போட்டது. எல்லாம் ஃபோமும் செயற்கை ரோமமும்தான். 2025 செப்டம்பரில் மிலானில் பொட்டேகா வெனெட்டா இன்னும் ஒரு படி மேலே போய், மறுசுழற்சி செய்த கண்ணாடியிழையில் ஃபர் மாதிரி சிலிர்த்து நிற்கும் ஸ்வெட்டர்களைக் காட்டியது.

பின்னலாடையில் இப்படிக் கண்ணை ஏமாற்றும் குறும்பு புதுசும் இல்லை. எல்சா ஷியாபரெல்லி 1927-லேயே கழுத்தில் ‘போ’ கட்டியிருப்பது போலத் தெரியும் ஸ்வெட்டரால்தான் பிரபலமானார். அந்த ‘போ’ தனியாகக் கட்டியது இல்லை, பின்னலோடு பின்னலாக வந்தது. பின்னிக்கொடுத்தது பாரிஸில் இருந்த ஆர்மீனியப் பெண்கள்.

சரி, நூலில் முடி எப்படி முளைக்கிறது? சுலபமான வழி, ‘ஐலேஷ்’ நூல். மெல்லிய நூலின் பக்கவாட்டில் கண்ணிமை மாதிரி இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னினால் அந்த இழைகள் பின்னலை மூடி மறைத்துவிடும். கோட்டுக்குப் போடுகிற அடர்த்தியான செயற்கை ஃபருக்கு வேறு வழி. வட்ட நிட்டிங் மெஷினில் அடிநூலோடு சேர்த்து, சீவிய நார்க்கற்றையையும் ஊசிக்கு ஊட்டுவார்கள். துணி இறங்க இறங்க, நாரின் நுனிகள் ஒரு பக்கமாகத் துருத்தி நிற்கும். அதை வாரி, கத்தரித்து, பளபளப்பாக்கினால் ஃபர் ரெடி. அதாவது, நாம் ‘ஃபர்’ என்று சொல்வதில் பெரும்பகுதி நிட்டிங் துணிதான். பனியன் துணி பின்னும் மெஷினுக்கு இது சொந்தக்காரன்!

சொந்தம் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் திருப்பூருக்கு இந்த மார்க்கெட்டில் பெரிய பங்கு இல்லை. 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் அது. ஆனால் அதன் பலம் பருத்தி, அதன் சீசன் வெளிநாட்டு வெயில்காலம். உலகத்தில் தயாராகும் இழையிலோ பாதிக்கு மேல் பாலியஸ்டர். செயற்கை இழை ஆடைகளுக்காக மத்திய அரசு 2021-ல் 10,683 கோடி ரூபாயில் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. ஆனால், உள்ளே நுழையவே குறைந்தது 100 கோடி முதலீடு கேட்டார்கள். ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைக்கிற கம்பெனிகள் அதை வேடிக்கைதான் பார்க்க முடியும். 2025-ல் அந்த வரம்பைப் பாதியாக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50% வரி போட்டபோது, ஒரே சரக்கையும் ஒரே நாட்டையும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பது புரிந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன நம்ம பசங்களின் ஓவர்டைமும் இந்த ஆர்டர்களை நம்பித்தான் இருக்கிறது.

அப்போ எல்லோரும் பிளாஸ்டிக் முடிக்கு மாறிவிடலாமா? அங்கேதான் இடிக்கிறது. செயற்கை இழைத் துணியைத் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைத்துணுக்குகள் உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன. நொய்யலில் சாயம் ஓடியது, ஊரே பார்த்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இந்தத் துணுக்குகள் கண்ணில் படுவதில்லை, அதனால் யாரும் வழக்கு போடப்போவதும் இல்லை. விலங்கைக் கொல்லவில்லை என்ற பெருமை நியாயமானதுதான். ஆனால், லேபிளில் ‘விலங்கு வதை இல்லாதது’ என்று எழுதுகிற கம்பெனி, இந்த விஷயத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் இல்லையா?

என்னைக் கேட்டால், திருப்பூர் கையில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. ஸ்வெட்ஷர்ட்டின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். மெத்தென்று இருக்கிறதே, அது ‘ரைசிங்’ மெஷினின் கம்பிப் பற்கள் நூலைக் கிளறிவிட்டதால் எழும்பிய பஞ்சு. பருத்தியிலும் அதைச் செய்யலாம். நரிவால் நீளத்துக்கு வராதுதான். ஆனால், அந்த மென்மையை உள்ளே ஒளித்துவைக்காமல் வெளிப்பக்கம் கொண்டுவந்து விளையாட நம்ம டிசைனர்களுக்கு என்ன தடை?

ஆன்லைனில் ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டீர்களா? பிரச்னை இல்லை. உதிர்ந்த ஓர் இழையை இடுக்கியில் பிடித்து, சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். உருகிக் கட்டியானால் செயற்கை. முடி கருகிய நாற்றம் வந்தால் நிஜ ரோமம். 2013-ல் அமெரிக்காவில் நீமன் மார்க்கஸ் உட்பட மூன்று கடைகள் நிஜ ஃபரையே ‘போலி’ என்று சொல்லி விற்று மாட்டிக்கொண்டன. அப்புறம், ஒவ்வொரு தடவை போட்டதும் துவைக்காதீர்கள். அழுக்கானால் மட்டும், உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும். வருஷத்துக்கு இரண்டு கொடைக்கானல் ட்ரிப்புக்கு அதுவே அதிகம்.