தீண்டப்படாத தீவுகள்

'தீண்டப்படாத கடற்கரை', 'தீண்டப்படாத காடு', 'தீண்டப்படாத பண்பாடு'. அந்தமானுக்குப் போய்வந்து பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் இல்லாமல் ஒரு பத்தி ஓடாது. ஆம்பூர் சேரியில் பிறந்த நான், இந்தச் சொல்லை இவ்வளவு ஆசையோடு யாரும் உச்சரித்துக் கேட்டதில்லை. மணலுக்கு வந்தால் பெருமை, மனுசனுக்கு வந்தால் இழிவு. ஒரே சொல்தான்.

இவர்கள் அங்கே எதைப் பார்க்கப் போகிறார்கள்? பவளப்பாறை, முதலை, இருவாச்சி, ஆமை. அதே பட்டியலில், அதே மூச்சில், 'பழங்குடிப் பண்பாடு'. மிருகத்துக்கும் மனுசனுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளிதான் இருக்கிறது.

தெற்கு அந்தமானில் ஜிர்காடாங் என்றொரு சோதனைச் சாவடி. அங்கிருந்து வண்டிகளை வரிசை கட்டி, குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு ஜாரவா மக்களின் காட்டுக்குள் அனுப்புகிறார்கள். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்க பாராடாங் போகிறோம் என்பது பேச்சு. ஜன்னல் வழியே எதைத் தேடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வழியெல்லாம் 'நிறுத்தாதே, படம் எடுக்காதே, தின்பண்டம் கொடுக்காதே' என்று பலகை. இப்படிப் பலகை வேறு எங்கே வைப்பார்கள்? வண்டலூர் போனவர்கள் சொல்லட்டும். அரைகுறை ஆடையோடு நிற்கும் ஜாரவாப் பெண்களைச் சாப்பாடு காட்டி ஆடச் சொல்லும் படம் 2012 ஜனவரியில் லண்டன் பத்திரிகை வழியாக வெளியே வந்தது. நாடே வெட்கப்பட்டது, ஒரு வாரம்.

இந்தச் சாலையை ஜாரவா பகுதியில் மூடச் சொல்லி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது 2002 மே மாதத்தில். இன்றுவரை வண்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது. எங்களுக்கு இது புதுசில்லை. பாலாற்றைத் தோல் கழிவால் கெடுத்தவன்தான் ஈடு தரவேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது 1996இல். 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்லவேண்டி வந்தது. தீர்ப்பு வாங்கி வைத்திருக்கும் ஜனங்கள் என்ற வகையில் நாங்களும் அவர்களும் சொந்தக்காரர்கள்.

தோழர்களே, இதைப் 'பார்வை'யின் அரசியலாகத்தான் நான் பார்க்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் புதிரை வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு என்றிருந்த கொடுமையை அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். அங்கே கண்ணில் பட்டால் தீட்டு, இங்கே கண்ணில் படுவதற்குக் கட்டணம். இரண்டு இடத்திலும் கண் எவனுடையது என்பதுதான் கேள்வி. பார்க்கப்படுகிறவரை யாரும் கேட்டதில்லை.

எங்க ஊர் தோல் ஷாப்புக்கும் ஆராய்ச்சி என்று காமிராவோடு வந்தவர்கள் உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற ஆளைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அன்றைக்கு என் சின்னம்மா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "மூக்கப் பொத்திகினு வந்தவன் இன்னாத்தடா பாத்துட்டுப் போவான்?"

'அவர்களும் மையநீரோட்டத்துக்கு வரவேண்டாமா?' என்று முற்போக்காளர்களே கேட்கிறார்கள். எந்த நீரோட்டம் சார்? 1858க்குப் பிறகு வெள்ளைக்காரன் 'அந்தமான் இல்லம்' கட்டி கிரேட் அந்தமானியரை நீரோட்டத்தில் சேர்த்தான். தட்டம்மையும் மேகநோயும் ஊர் ஊராய்த் துடைத்துப்போட்டன. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் 2011 கணக்கில் 44 பேர். 'போ' மொழி பேசிய கடைசி மனுசி, போவா சீனியர், 2010 ஜனவரியில் செத்துப்போனார். தன் பேச்சுக்குத் தன் மொழியில் பதில் சொல்ல ஆளில்லாமல் வாழ்ந்த கிழவி. ஜாரவாக்கள் காட்டைவிட்டு வெளியே வரத்தொடங்கிய கொஞ்ச நாளில், 1999இல், அவர்களிடமும் தட்டம்மை புகுந்தது.

ஒரு விசயத்தை நம்மவர்கள் பேசத் தயங்குகிறார்கள், நான் பேசுகிறேன். 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிகளை அந்தமான் காட்டில் குடியேற்றினார்களே, அதில் நிறையப் பேர் நாமசூத்திரர்கள். தலித்துகள். மேற்கு வங்கத்து பத்ரலோக் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாத ஜனங்கள். நிலமில்லாதவன் கையில் கோடாலியைக் கொடுத்து இன்னொருத்தன் காட்டைக் காட்டினது அரசு. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களையும் 1970களில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் குடும்பங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒடுக்கப்பட்டவனைக் கொண்டே ஒடுக்கப்பட்டவன் நிலத்தைப் பிடிக்கும் இந்த வித்தையைத் தலித் இலக்கியம் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

இப்போது கிரேட் நிக்கோபார். கலத்தியா வளைகுடாவில் ஏழுவரி ஆமை முட்டையிட வருகிறது. முதுகில் ஓடு கிடையாது, தோல்தான். (தோல் என்றால் ஆம்பூர்க்காரனுக்குக் காது விடைக்கும்.) அந்த வளைகுடாவின் சரணாலய அந்தஸ்தை 2021இல் ரத்து செய்தார்கள். துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் என்று சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகப்போகிறது. அந்தக் காடு ஷொம்பென் மக்கள் நடமாடும் இடம். 2004 சுனாமியில் ஊரை இழந்த நிக்கோபாரிகள், சொந்தக் கிராமத்துக்குத் திரும்ப விடுங்கள் என்று அன்றிலிருந்து கேட்கிறார்கள். முதலில் வாங்கிய சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று அவர்களுடைய பழங்குடிக் கவுன்சில் 2022 நவம்பரில் கடிதம் எழுதியது. அதே மாதம் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்துவிட்டது. 'தீண்டப்படாத தீவு' என்று எழுதுகிற ஐயாமார்கள் அடுத்த கட்டுரையில் அந்தக் கடிதத்தைப் பற்றி நாலு வரி எழுதட்டும்.