கள்ளுக்குத் தடை, குவார்ட்டருக்குக் கடை

போன வாரம் சென்னையிலேர்ந்து வந்த நண்பர் தோப்பைச் சுத்திப் பாத்துட்டு, "இவ்வளவு தென்னை நிக்குதே, கொஞ்சம் கள்ளு கிடைக்குமா?" என்றார். "கிடைக்கும், கூடவே கேஸும் கிடைக்கும்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கலை.

பேராவூரணிப் பக்கம் தென்னைதான் பிழைப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்ச்சது போக மிச்சம் நின்ன மரமும், அப்புறம் வச்ச கன்றும்தான் எங்க சொத்து. அதில் பாளையைச் சீவிக் கலயம் கட்டிக் கள் இறக்கினால் குற்றம். 1987 முதல் இதுதான் சட்டம். ஆனால் 2003 முதல் அரசே டாஸ்மாக்கில் சில்லறைக்கு விற்கிற பிராந்தி குற்றமில்லை.

உடல்நலத்துக்காகவாம். சரி, கணக்குப் போடுவோம். பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி என்றால் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. கள்ளில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதே 77 மில்லி உள்ளே போகணும்னா ஒன்றரை லிட்டர் கள்ளு குடிக்கணும், வயிறு முட்டிடும். குவார்ட்டர் நாலு மடக்கில் முடிஞ்சுடும்.

கள்ளு மருந்துன்னு நான் சொல்லலை. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிடுச்சு. ஈரலுக்குக் கள்ளா பிராந்தியான்னு தெரியாது, எவ்வளவு ஆல்கஹால் வந்துச்சுன்னுதான் தெரியும். அப்போ சட்டமும் அதைத்தானே பாக்கணும்? வீரியம் குறைஞ்சதைத் தடை பண்ணிட்டு, கூடினதை அரசே விக்கிறது எந்த ஊர் வைத்தியம்?

"கள்ளுல கலப்படம் பண்ணுவாங்க" என்பார்கள். பண்ணினாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா தடையால கலப்படம் ஒழிஞ்சுதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்னுச்சு. பக்கத்துக் கேரளாவில் உரிமம் கொடுத்துக் கள்ளுக்கடை நடத்துறாங்க. அங்கே கலப்படத்தைப் பிடிக்கச் சட்டம் இருக்கு, மரத்தைப் பிடிக்க இல்லை.

இங்கே நீரா இறக்க அனுமதி உண்டு. ஆனா வெயில் ஏற ஏற அது தானா புளிக்கும். காலையில் பானம், மத்தியானம் குற்றம்!

எங்க தோப்பில் மரம் ஏறினவர் ஒருத்தர் இப்போ ஏறுறதில்லை, கை நடுங்குது. வயசு ஐம்பதுகூட ஆகலை. அவர் கையைக் கெடுத்தது கள்ளு இல்லை, தினம் ஒரு குவார்ட்டர்.

மூடுறதுன்னா எல்லாத்தையும் மூடுங்க, நானும் கூட வர்றேன். மூட மனசில்லைன்னா வீரியத்தைப் பார்த்துச் சட்டம் போடுங்க. பாட்டிலுக்கு ஒரு நீதி, பாளைக்கு ஒரு நீதி வேண்டாம்.