என்ஜினை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்திப் பாருங்க

உங்க வீட்லயும் ஒன்னு நிக்குதா? ஷெட்ல தார்ப்பாய் போர்த்தி, டயர்ல காத்து இறங்கி, பானெட் மேல கோழி ஏறி உட்கார்ந்திருக்குமே, அந்த மாதிரி. அம்பாசடரோ, பத்மினியோ, தாத்தா ஓட்டின யெஸ்டியோ எதுவா வேணா இருக்கட்டும். "விக்கவும் மனசு வரல, ஓட்டவும் முடியல"ன்னு வருஷா வருஷம் ஒரே பேச்சு ஓடிக்கிட்டிருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஆமத்தூர்ல எங்க வீட்ல நிக்கிறது 1978 அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல். தாத்தா காலண்டர் ஆர்டர் பிடிக்கிற ஏஜென்ட்டா இருந்தவர். ஆடி 18 அன்னைக்கு சிவகாசியில புது வருஷ ஆல்பம் வெளிய வரும். மறுநாள் காலையிலேயே டிக்கி நிறைய ஆல்பத்தை அடுக்கிக்கிட்டுக் கிளம்பிடுவாராம். மதுரை, திண்டுக்கல், திருச்சின்னு கடை கடையா ஏறி இறங்கி, தீபாவளிக்குப் பக்கத்துலதான் வீட்ல தங்குவாராம். அப்பாவும் அத்தையும் படிச்சது அந்த வண்டி ஓடின ஓட்டத்துலதான்.

இப்போ அது ஸ்டார்ட் ஆகும், நீலமாப் புகை விடும், சின்ன மேட்டுல கூட மூச்சு வாங்கும். இந்த வருஷம் அப்பா முடிவாச் சொல்லிட்டார்: "நீதானே மெக்கானிக்கல் படிக்கிற, என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு. இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்." மூணரை வருஷம் ஃபீஸ் கட்டினதுக்கு அப்புறம் அப்பா என்கிட்ட கேட்ட முதல் இன்ஜினியரிங் கேள்வி இது. தப்பாச் சொல்லிடக் கூடாது இல்லையா?

என் முன்னாடி ரெண்டு வழி இருந்துச்சு. ஒன்னு, இருக்கிற என்ஜினைப் பிரிச்சு ரீபில்ட் பண்றது. ரெண்டாவது, அதைத் தூக்கிட்டு வேற என்ஜின் போடுறது. கேட்ட எல்லாருமே ரெண்டாவதைத்தான் சொன்னாங்க. "இசுசு என்ஜின் ஒன்னு தேடிப் பிடி, அஞ்சு கியர், பறக்கும்"னு ஹாஸ்டல்ல ஒருத்தன் வரைபடமே போட்டுக் காட்டினான். அவன் சொன்னதுல விஷயம் இல்லாம இல்ல. 1990கள்ல இந்துஸ்தான் மோட்டார்ஸே 1817 சிசி இசுசு என்ஜினை வச்சு அம்பாசடர் விட்டாங்க. பழைய 1489 சிசி என்ஜினுக்கும் அதுக்கும் பலத்துல நல்ல வித்தியாசம் இருக்கு. கம்பெனியே செஞ்சதை நாம செய்யக் கூடாதா?

நான் வேண்டாம்னுதான் சொல்றேன். இதுல பழைய வண்டிப் பாசமும் இருக்கு, மறைக்கல. ஆனா காரணம் அது மட்டும் இல்ல.

முதல் காரணம், நாம நோயைப் பார்க்காமலேயே ஆபரேஷன் பேசுறோம். என்ஜின் "போச்சு"ன்னு எல்லாரும் சொன்னாங்க, என்ன போச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. விருதுநகர்ல ஒரு மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட போனேன். அவர் கம்ப்ரெஷன் கேஜை எடுத்துக்கிட்டு வந்தார். என்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழட்டி, ஆக்சிலரேட்டரை முழுசா அழுத்திக்கிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒன்னு, ரெண்டு, நாலு சிலிண்டர் 120 பிஎஸ்ஐ பக்கத்துல காட்டுச்சு. மூணாவது 80தான். அப்புறம் மூணாவது சிலிண்டருக்குள்ள ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் ஊத்தி மறுபடியும் பார்த்தார். 110க்கு ஏறிடுச்சு.

இதுக்கு அர்த்தம் என்ன? ஊத்தின ஆயில் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைச்சிருக்கு. அதனால பிரஷர் ஏறுச்சு. அப்போ தேய்ஞ்சிருக்கிறது ரிங்கும் போரும். ஆயில் ஊத்தியும் ஏறலைன்னா வால்வு இல்ல ஹெட் கேஸ்கெட் பக்கம் தேடணும். செமஸ்டர்ல ஐசி என்ஜின் பேப்பர் எழுதிப் பாஸ் பண்ண எனக்கு, இந்த ஒரு ஸ்பூன் ஆயில் சோதனை அண்ணாச்சி பட்டறையிலதான் தெரிஞ்சுது. கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு.

ஹெட்டைக் கழட்டினப்போ பிஸ்டன் தலையில 020ன்னு முத்திரை இருந்துச்சு. ஏற்கனவே ஒரு தடவை 20 தவ், அதாவது அரை மில்லிமீட்டர் போர் பண்ணியிருக்காங்க. அடுத்தது 40 தவ். அதுவும் முடிஞ்சா பிளாக்குல ஸ்லீவ் இறக்கி மறுபடியும் பழைய அளவுக்கே கொண்டு வரலாம். ஒரிஜினல் போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 1489 சிசி வரும். 40 தவ் போர் பண்ணினா 1531 சிசி. ஆக பிளாக் சாகல, அதுக்கு இன்னும் ஆயுசு இருக்கு.

ரெண்டாவது காரணம், என்ஜின் தனியா ஓடுறது இல்ல. வேற என்ஜின் வச்சா மவுன்ட் மாறும், கியர்பாக்ஸ் மாறும், அதனால புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும், ரேடியேட்டர் போதுமானு பார்க்கணும். எல்லாத்தையும் விட பிரேக். எங்க வண்டியில நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். 60ல போற வண்டி 90ல போனா, பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு இல்ல, ரெண்டேகால் மடங்கு. பறக்கிறதைப் பத்திப் பேசினவன் நிக்கிறதைப் பத்திப் பேசவே இல்ல.

என்ஜினும் பாடியும் பொருந்தலைன்னா என்ன ஆகும்னு நம்ம சென்னையே பார்த்திருக்கு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1985ல ஸ்டாண்டர்ட் 2000னு ஒரு கார் விட்டாங்க. பாடி இங்கிலாந்து ரோவர் எஸ்டி1, பார்க்க அவ்வளவு அழகு. ஆனா உள்ள வச்சது பழைய வான்கார்டு காலத்து என்ஜின் வழியில வந்த 1991 சிசி என்ஜின். அந்தப் பெரிய பாடிக்கு அது ஈடு கொடுக்கல. மூணு வருஷத்துல கார் நின்னு போச்சு. டிராயிங் ஆபீசும் டெஸ்ட் வசதியும் இருந்த கம்பெனிக்கே அந்த நிலைமைன்னா, ஷெட்ல ஒரு வெல்டிங் மெஷினை வச்சுக்கிட்டு நாம எவ்வளவு யோசிக்கணும்?

மூணாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்.சி.யில இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. இன்னொன்னு, 2021 ஜூலையில வந்த வின்டேஜ் வண்டி விதி. 50 வயசு தாண்டின வண்டிக்குத் தனிப் பதிவு கொடுப்பாங்க. ஆனா சேஸி, பாடி, என்ஜின்ல பெரிய மாற்றம் இல்லாம ஒரிஜினலா இருக்கணும். எங்க வண்டிக்கு 2028ல 50 முடியுது. அந்தப் பதிவு வாங்கினா தினசரி ஓட்ட முடியாதுங்கிறதும் உண்மை. வாங்குறதா வேண்டாமான்னு அப்போ யோசிச்சுக்கலாம். இப்பவே எதுக்கு அந்தத் தகுதியை இழக்கணும்?

பழைய மார்க்கெட்ல வாங்குற என்ஜின் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடினதுன்னு யாருக்குத் தெரியும்? அதையும் பிரிச்சு ரிங், பேரிங் போட்டுத்தான் ஏத்தணும். ஆக, என்ஜின் மாத்துறவங்க ரீபில்ட் செலவுல இருந்து தப்பிக்கிறது இல்ல. வேற யாரோ பண்ணாம விட்ட ரீபில்ட்டைக் காசு கொடுத்து வாங்குறாங்க.

எதிர்வாதத்தையும் சொல்லிடுறேன். பிளாக்கே விரிசல் விட்டிருந்தா, இல்ல கனெக்டிங் ராடு உடைஞ்சு பிளாக்கைக் குத்திக் கிழிச்சிருந்தா, மாத்தித்தான் ஆகணும். அப்பவும் அதே வகை என்ஜினைத் தேடி, ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, 14 நாளுக்குள்ள ஆர்.சி.யில பதிவு பண்ணிடுங்க. இல்லைன்னா விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல என்ஜின் நம்பரைத்தான் பார்ப்பாங்க. தினமும் நாலு வழிச்சாலையில 100ல போகணும்னா, அதுக்கு வேற கார் வாங்குங்க. 1978 வண்டியை 2018 வண்டியா மாத்தப் பார்க்காதீங்க.

ரீபில்ட்னா அப்படியே பழசா வைக்கணும்னும் இல்ல. ஈயம் கலந்த பெட்ரோல் 2000லயே போயிடுச்சு. அதனால ஹெட்டைக் கழட்டும்போதே கடினமான வால்வு சீட் போட்டுக்கலாம். இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்குற ஹோஸ் மாத்திக்கலாம். இதெல்லாம் வண்டியோட குணத்தை மாத்தாது, ஆயுசைத்தான் கூட்டும்.

சிவகாசிக்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. பழைய ஆஃப்செட் மெஷினை வாங்கி, தேய்ஞ்ச பாகத்தை லேத்துல கடைஞ்சு போட்டு, இன்னும் காலண்டர் அடிக்கிற ஊர் இது. "போச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி எது போச்சுன்னு அளந்து பார்க்கிற பழக்கம் இந்த மண்ணுல ஏற்கனவே இருக்கு. அதை நாம காலேஜ்ல மறந்துட்டோமோன்னுதான் எனக்குச் சந்தேகம்.

அப்பாகிட்ட ரீபில்ட்னு சொல்லிட்டேன். கேஜ் காட்டின நம்பரை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன். ரெண்டு தடவை படிச்சுட்டு, "சரி, போர் பண்ணக் கொடு"ன்னார். பிளாக் இப்போ லேத் பட்டறையில இருக்கு. தாத்தாவுக்கு 83 வயசு, கண்ணு சரியாத் தெரியல. வாசல்ல உட்கார்ந்து சத்தத்தை வச்சே எந்த வண்டி வருதுன்னு சொல்லிடுவார். ஏப்ரல்ல நான் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தை அவர் கேட்டுடணும்.

உங்க ஷெட்ல நிக்கிற வண்டிக்கு நீங்க என்ன முடிவு வேணா எடுங்க. அதுக்கு முன்னாடி நாலு பிளக்கைக் கழட்டி ஒரு தடவை அளந்து பார்த்துடுங்க.