நாளை உறிஞ்சுவார்களாம், இன்று ஊதட்டுமாம்!

பாவத்தை இன்று செய், பரிகாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போதித்த புரோகிதக் கூட்டத்தைக் கண்டவர்கள் நாம். அந்தப் போதனை இப்போது பஞ்சாங்கத்தை விட்டுவிட்டுக் கணிப்பொறிக்குள் புகுந்திருக்கிறது!

ஆஸ்திரியா, ஜெர்மனி, நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சிக் கூடங்களிலே, எதிர்கால உலகைக் கணக்கிட்டுக் காட்டும் மாதிரிகள் இருக்கின்றன. அத்தகைய கணக்குகளைத் தொகுத்து 2018-ல் ஐ.நா. பருவநிலைக் குழு அறிக்கை தந்தது. வெப்ப உயர்வு 1.5 டிகிரியோடு நிற்கவேண்டுமானால், இந்த நூற்றாண்டிற்குள் 10,000 கோடி டன் முதல் 1 லட்சம் கோடி டன் வரை கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்தாக வேண்டுமாம்.

எதைக்கொண்டு எடுப்பது? ஐஸ்லாந்திலே 2024-ல் ‘மாமத்’ என்றோர் ஆலையைத் திறந்தார்கள். முழுத் திறனில் ஓடினாலும் ஆண்டுக்கு 36,000 டன்தான் பிடிக்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் ஆண்டுக்குக் கக்குவதோ ஏறத்தாழ 3,700 கோடி டன். தோழர்களே, வகுத்துப் பாருங்கள்! ஓராண்டு உழைப்பு, உலகத்தின் அரை நிமிடக் கக்கலுக்கு ஈடு!

பயிர் வளர்த்து, எரித்து மின்சாரம் எடுத்து, புகையைப் பூமிக்குள் புதைப்போம் என்பது இன்னொரு வழி. ஆண்டுக்கு 1,200 கோடி டன் அப்படி எடுக்க 38 முதல் 70 கோடி ஹெக்டேர் நிலம் தேவை என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. இந்தியாவின் மொத்தப் பரப்பே 33 கோடி ஹெக்டேர்தான். நிலத்தை விடப்போவது யார்? இலண்டன் சீமானா, ஆப்பிரிக்க உழவனா?

சூட்சுமம் வட்டியிலே இருக்கிறது. மாதிரிகளில் பல, எதிர்காலச் செலவின் மதிப்பை ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று கழித்துக்கொண்டே போகின்றன. 50 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்ச் செலவு, இன்றைய ஏட்டிலே 9 ரூபாய்க்கும் குறைவு! இன்று உலையை மாற்றினால் நட்டம். பேரன் தலையில் கட்டினால் சிக்கனம். இயந்திரத்தின் குற்றமல்ல இது, எண்ணைக் கொடுத்தவன் கைவரிசை.

அப்படியானால் நீக்கும் தொழிலே வேண்டாமா என்பர் சிலர். வேண்டும். சிமெண்டு, வானூர்தி, வேளாண்மை இவற்றின் மிச்சப் புகையை ஈடுகட்ட அது தவிர்க்க முடியாதது என்று 2022-ல் அதே குழு சொன்னது, நாம் மறுக்கவில்லை. குறைப்பதற்கு ஒரு கணக்கு, நீக்குவதற்கு ஒரு கணக்கு, தனித்தனியே எழுது என்கிறோம். 2050-ல் உறிஞ்சுவேன் என்று எண்ணெய்க் கம்பெனிக்காரன் எழுதித் தந்தால், 2030-ல் எவ்வளவு குறைப்பாய் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கவேண்டும்.